பதினான்காம் வரிசைப் பயணியின் அப்பா

விமானம் விழுந்தால் யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் என் வேலை. இதை அப்படியே சொன்னால் எதிரே இருப்பவர் முகம் கறுத்துவிடும் என்பதால், உறவினர் வீடுகளில் "ஏர்லைன்ஸ்ல இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். "ஏர் ஹோஸ்டஸா?" என்று ஆவலாகக் கேட்டுவிட்டு, என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்து, "ஓ, ஆபீஸ்லயா" என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

அலுவலகத்தில் எனக்கு 'ஆபத்து மேடம்' என்று பெயர். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஒருவர் "வெளியே போற வழியைப் பார்த்து வெச்சுக்கோங்கப்பா" என்பார். எனக்குக் கோபம் வராது. உண்மையில் நானும் பார்த்துத்தான் வைத்திருப்பேன்.

விபத்து ஏன் நடந்தது, எந்த இன்ஜின் நின்றது என்பதெல்லாம் பெரிய மூளைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் பாடு அதற்குப் பிறகு. செய்தி கேட்டுக் குடும்பங்கள் ஓடிவரும். அவர்களை எந்த அறையில் உட்கார வைப்பது, தண்ணீர் யார் கொடுப்பது, பக்கத்தில் யார் இருப்பது? டிக்கெட் கவுண்டரிலிருந்தும் கணக்குப் பிரிவிலிருந்தும் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரிலிருந்தும் விருப்பப்பட்டு வருகிற ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு துணையாள் என்று அமர்த்துவோம். அந்தப் பயிற்சியை நடத்துவது நான்.

"அமைதியா இருங்கன்னு சொல்லாதீங்க. உங்க வலி எனக்குப் புரியுதுன்னு சொல்லாதீங்க, புரியாது. ஊகம் வேண்டாம். பொய் கூடவே கூடாது. முக்கியமா, ஒரு குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது மத்தவங்க வாயால தெரியக் கூடாது. நாமதான் முதல்ல சொல்லணும், முகத்துக்கு நேரா சொல்லணும்."

இந்தக் கடைசி வரியில் என் குரல் லேசாகத் தழுதழுக்கும். அது தானாக வருவது என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பின்வரிசையில் இரண்டு பேராவது கண்ணைத் துடைப்பார்கள்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். ஹேங்கரில் வேலை செய்யும் ஒரு இன்ஜினியரும் நானும் ஒன்றரை வருடமாகக் காதலிக்கிறோம். கேன்டீனில் டீ போடுகிறவர் முதல் டைரக்டரின் டிரைவர் வரை எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவுக்குத் தெரியாது.

அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். ஒருமுறை கல்யாணமாகி விவாகரத்தானவன். ஆனால் நான் சொல்லாததற்கு இவை காரணமில்லை என்பேன். அம்மா போனபிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். நான் கிளம்பிவிட்டால் அவர் தனியாகிவிடுவார், தாங்கமாட்டார். இதுதான் நான் அவனிடமும் என்னிடமும் சொல்லி வந்த காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீட்டில் சமைப்பது அப்பா, துணி தேய்ப்பது அப்பா, காலையில் என்னை இருமுறை எழுப்புவது அப்பா. எனக்கு கேஸ் சிலிண்டரின் மூடியைக்கூடத் திறக்கத் தெரியாது. யார் யாரைப் பிரிந்தால் தாங்கமாட்டார் என்ற கணக்கைப் போட்டுப்பார்க்க நான் துணிந்ததில்லை.

இதற்கு நடுவில் அவனுக்கு வேறு ஊரில் ஒரு ஹேங்கரையே பொறுப்பேற்று நடத்தும் பதவி வந்தது. விமானம் விழுந்ததாகவே பாவித்து நாங்கள் நடத்தும் வருடாந்தர ஒத்திகை, அதாவது பெரிய டிரில், நடக்கும் அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றான், கேன்டீனின் தூண் மறைவில்.

"டிரில் முடியட்டும்."

"போன டிரில் அப்பவும் இதையேதான் சொன்னே."

"அது தீயணைப்பு டிரில். இது பெரிய டிரில்."

"நீ சொல்லிட்டா இங்கேயே இருக்கேன். வேலை வேண்டாம்னு எழுதிடறேன். சொல்லலைன்னா போயிடறேன். கோபமெல்லாம் இல்லை. தூணுக்குப் பின்னாடி நின்னே டீ குடிச்சு எனக்கு அல்சர் வந்துடும் போலிருக்கு."

"வந்தா சொல்லு, கம்பெனி டாக்டர் நல்லா பார்ப்பார்."

அவன் சிரிக்கவில்லை. என் மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்து என்னைக் கெடுத்து வைத்தவன் அவன்தான். அதனால் பயந்துபோனேன். பயந்துபோய், டிரில் வேலையில் இன்னும் மும்முரமாக இறங்கினேன்.

டிரில்லில் உறவினர்களாக நடிக்க, ஊழியர்களின் வீட்டுப் பெரியவர்களை அழைப்போம். ஒவ்வொருவருக்கும் நான் எழுதிய ஒரு கார்டு: நீங்கள் யார், எந்தப் பயணிக்கு என்ன உறவு, எவ்வளவு தெரியும் என்று. துணையாளைச் சோதிக்க ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் வைப்பேன். பதினான்காம் வரிசைப் பயணிக்கு நான் எழுதிய சிக்கல் இது: அந்தப் பெண், வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனைக் காதலிக்கிறாள். விமானத்தில் அவனும் உடன் வந்திருக்கிறான். டிரில்லின் நடுவில் ஒரு துண்டுச்சீட்டு மூலம் துணையாளுக்கு இது தெரியவரும். பெண்ணின் அப்பாவிடம் அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மனிதவளப் பிரிவில் இருக்கும் அக்கா இதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கற்பனையா?"

"முழுக்கக் கற்பனைக்கா."

"சரி சரி. நல்லா வளமா இருக்கு."

அந்தக் கார்டை கணக்குப் பிரிவு மேடத்தின் மாமனாருக்கு ஒதுக்கினேன். நடிக்க வந்தே தீருவேன் என்று நின்ற என் அப்பாவுக்கு, 'கூட வந்த சித்தப்பா, எதுவும் பேச வேண்டியதில்லை' என்ற வேடம். காரணம் இருந்தது. அப்பா இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து இழப்பீடுகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்பது அவர் வாயில் வணக்கம் மாதிரி வரும். பள்ளிக்கூட நாளில் கரண்ட் இல்லை, அதனால் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஒருமுறை சொன்னேன். மின்வாரியத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு வந்து, "நம்ம தெருவுக்கு மட்டும் கரண்ட் இருந்துச்சாம் பாப்பா" என்றார்.

டிரில் அன்று மேல்மாடிக் கட்டுப்பாட்டு அறையில், காதில் கருவியும் கையில் வாக்கிடாக்கியுமாக, பக்கத்தில் டைரக்டருடன் உட்கார்ந்திருந்தேன். கீழே உறவினர் கூடம் திரையில் தெரிந்தது. படம் மட்டும்தான், குரல் வராது. எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு விமானம் நொறுங்கியதில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாதுதான்.

அப்போதுதான் ஜன்னலோர மேஜையைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில், தலையில் கைவைத்தபடி என் அப்பா. எதிரே, துணையாள் சட்டை மாட்டிக்கொண்டு, என் இன்ஜினியர்.

"அக்கா, ஜன்னல் ஓரம் யாரு?" என்றேன் வாக்கிடாக்கியில்.

"பதினாலாம் வரிசைப் பொண்ணோட அப்பா."

"அது என் அப்பா அக்கா."

"தெரியும்டி. அந்த மாமனார் கண்ணாடி கொண்டுவரலையாம், கார்டு படிக்க முடியலைன்னார். உங்க அப்பா தனக்கு வசனமே இல்லைன்னு வருத்தத்துல இருந்தார். ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாங்க."

"இன்ஜினியர் இன்னிக்குப் பயணிகள் சாமான் பிரிவுலதானே இருக்கணும்?"

"டிக்கெட் கவுண்டர் பொண்ணுக்குக் காய்ச்சல். ஹேங்கர்ல நல்லா கத்துக்கிட்டவன் அவன்தான்னு நீதானே ஊரெல்லாம் சொல்லுவே. உட்கார வெச்சுட்டேன்."

"அந்தத் துண்டுச்சீட்டு?"

"இப்பதான் குடுத்துட்டு வர்றேன். ஏன், ஏதாவது தப்பா?"

திரையில் அவன் சீட்டைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு தலையைத் தூக்கி நேராக கேமராவைப் பார்த்துச் சிரித்தான். கண் கலங்கிய சிரிப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இவள் வாயால் சொல்லத் துப்பில்லாமல், ஒரு விமானத்தை நொறுக்கி, எழுபது பேரை வரவழைத்து, வாசலில் இரண்டு ஆம்புலன்ஸை நிறுத்தி, அப்பாவிடம் சொல்ல நமக்கு ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். பைத்தியக்காரத்தனமான எண்ணம்தான். ஆனால் என்னைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

டிரில்லைப் பாதியில் நிறுத்த ஒரே வழிதான் உண்டு. வாக்கிடாக்கியில் "இது டிரில் இல்லை" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னால் நிஜமான ஆபத்து என்று பொருள். தீயணைப்பு வண்டிகள் பாயும், ஓடுபாதை மூடப்படும், இறங்க வேண்டிய விமானங்கள் வானத்திலேயே சுற்றும். நானே எழுதிய விதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது.

"என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்றார் டைரக்டர்.

"ஒண்ணும் இல்லை சார்."

அவர் திரையைப் பார்த்தார். "அந்தப் பெரியவர் ரொம்ப இயல்பா பண்றாரே. யாரு வீட்டு ஆளு?"

அப்பா தலையிலிருந்து கையை எடுத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நடிப்பு முடிந்து விசாரணை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவர் ஏதோ கேட்டார், இவன் சொன்னான். கேட்டார், சொன்னான். நடுவில் இவன் மூன்று விரலைக் காட்டினான். வயசு வித்தியாசம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் பேசினான். விவாகரத்து. பொய் கூடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்த மகராசி நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் கம்பெனிக் காசில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அப்பா மெதுவாகக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மனிதவள அக்காவை, டிக்கெட் கவுண்டர்காரர்களை, தட்டோடு நின்ற டீக்காரரை. அவர் பார்வை போன இடமெல்லாம் ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. அதுவரை எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்துகொண்டிருந்தது. அதோடு நின்றுவிட்டது.

டிரில் நடத்துகிறவர் உறவினர் கூடத்துக்குள் நுழையக் கூடாது. அதுவும் என் விதிதான். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

அவன் எழுந்து நின்றான். "சொல்லிட்டேன்," என்றான், பரீட்சை எழுதி முடித்தவன் மாதிரி. "நீ ஏற்பாடு பண்ணினதுதானே?"

"இல்லை. கார்டு மாறிப்போச்சு."

அவன் துண்டுச்சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தான். "அப்ப நானா..."

"தம்பி," என்றார் அப்பா. "நீங்க போய் ஒரு டீ சாப்பிடுங்க."

"குடும்பத்தைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு ட்ரெயினிங் சார்."

"குடும்பமே சொல்லுது. போங்க."

அவன் போனான். நான் அவன் நாற்காலியில் உட்காரப் போனேன்.

"உக்காருங்க மேடம்," என்றார் அப்பா.

"அப்பா..."

"நான் பதினாலாம் வரிசைப் பயணியோட அப்பா. டிரில் இன்னும் முடியலை. எனக்குச் சில கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"என் பொண்ணு விஷயம் அந்த டீக்காரருக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"மூக்குக்கண்ணாடி போட்ட அந்த அம்மாவுக்கு?"

"அவங்களுக்கு எனக்கு முன்னாடியே தெரியும்."

அப்பா சிரிக்கவில்லை. இன்று என் ஜோக்குக்கு யாருமே சிரிப்பதாயில்லை.

"இத்தனை பேருக்குச் சொன்னவ, பெத்தவனுக்குச் சொல்லலை. என்ன காரணம்?"

"அப்பா தாங்கமாட்டார்னு நினைச்சா."

"யாராவது சொன்னாங்களா? அவளே பார்த்தாளா?"

வாயைத் திறந்தேன். பயிற்சி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய். 'இல்லை' என்று மட்டும் சொன்னது.

"அவ அம்மா ஆஸ்பத்திரியில போன அன்னிக்கு," என்றார் அப்பா, "சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொன்னது யாரு?"

"நீங்க."

"அவ எங்கே இருந்தா?"

"கார்ல. கதவைச் சாத்திக்கிட்டு."

"அப்ப தாங்காத ஆள் யாரு மேடம்?"

பக்கத்து மேஜையில் யாரோ ஒரு ஊழியரின் அம்மா, இல்லாத தம்பிக்காக ஓங்கி அழுதுகொண்டிருந்தார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. டிரில்லை மதிப்பிட வந்திருந்த பெண் என்னைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்து, குறிப்பில் எதையோ எழுதிக்கொண்டு போனாள். நல்லபடியாகத்தான் எழுதியிருப்பாள்.

"நீங்க தனியா ஆயிடுவீங்கன்னு பயந்தேன்பா."

"இப்ப மட்டும் என்னவா இருக்கேன்?" அவர் குரல் உயரவில்லை. "தனியா வீட்டுல இருக்கறது ஒண்ணும் பெரிசில்லை பாப்பா. டி.வி. இருக்கு, நடைப்பயிற்சிக்குப் போனா நாலு பேர் இருக்காங்க. இந்தக் கூடத்துல இத்தனை பேர் நடுவுல எனக்கு மட்டும் தெரியாம உக்காந்திருந்தேன் பாரு, ஏதோ நல்லா நடிக்கறோம்னு நினைச்சுக்கிட்டு. அதுதான் தனி."

நான் மேஜைக்கு மேல் இருந்த அவர் கையைப் பிடித்தேன். அவர் விலக்கவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"மன்னிச்சுடுங்கப்பா. வேற சொல்றதுக்கு எதுவும் இல்லை."

அவர் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தார்.

"அந்தப் பையன் கேட்டதுக்கெல்லாம் நேரா பதில் சொன்னான்," என்றார். "ஏன் பிரிஞ்சீங்கன்னு கேட்டேன். பாதித் தப்பு என்னுதுதான் சார்ங்கறான். என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. எல்லாத் தப்பும் எதிர்ல வந்த வண்டி மேலதான் இருக்கும்."

"அப்ப உங்களுக்குச் சம்மதமாப்பா?"

"அப்படிச் சொன்னேனா? இப்பதானே விசாரணை ஆரம்பிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு, மிச்சத்தைப் பேசணும்."

"வரச் சொல்றேன். ஆனா இன்னிக்குச் சாயங்காலமே அவன் ஒரு பதில் எழுதணும்பா. வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நான் உங்ககிட்ட சொல்லிட்டா அதை விட்டுட்டு இங்கேயே இருக்கறதா பேச்சு."

"சின்ன வேலையா?"

"ஹேங்கர் முழுக்க அவன் பொறுப்புல வரும்."

"அதை எதுக்கு விடணும்?"

"நான் உங்களை விட்டுட்டு வரமாட்டேன்னு..."

"ஓ. அதுவும் என் கணக்குலதானா?" அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாமலே நான் எத்தனை பேர் வாழ்க்கையைக் கெடுத்திருக்கேன் பாரு. அவனைப் போகச் சொல்லு. சரிப்பட்டு வந்தா பின்னாடியே நீயும் போ. ஏன், உங்க கம்பெனிக்கு அந்த ஊர்ல ஆபத்தே வராதா?"

அப்பா அழுதால் கூப்பிட அத்தையின் நம்பரைத் தயாராக வைத்திருந்தேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாவிட்டால் யாரை விட்டுப் பேசச் சொல்வது, மயக்கம் வந்தால் எந்த டாக்டர் என்று எல்லாம் யோசித்திருந்தேன். நீயும் போ என்று சொல்வார் என்று யோசிக்கவில்லை. சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னை அனுப்ப இவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

"உனக்கு முப்பத்தாறு வயசு பாப்பா. அவசரம்னு வெளியில சொல்லிடாதே, சிரிப்பாங்க."

ஒலிபெருக்கியில் டிரில் முடிந்தது என்று அறிவித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டு பிஸ்கட் எங்கே என்று கேட்டார்கள். அவன் கதவோரம் மூன்று டீயை இரண்டு கையில் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தம்பி, இங்கே வாங்க," என்றார் அப்பா. "அந்தப் பதிலை இப்பவே எழுதுங்க."

அவன் டீயை வைத்துவிட்டுப் போனை எடுத்தான். என்னைப் பார்த்தான். "என்னன்னு எழுத?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். டீக்காரர், அக்கா, தூரத்தில் படியிறங்கி வந்த டைரக்டர், எல்லோரும் பார்த்தார்கள். பதில் என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத்தான் அதுவரை அப்படித் தோன்றவேயில்லை.

"ஏத்துக்கறேன்னு எழுது," என்றேன். "நான் எப்ப மாத்தல் கேக்கறதுன்னு ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம்."

அவன் எழுதினான். அப்பா அவன் தோளுக்குமேல் எட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்னு போட்டிருக்கீங்க. முகத்துல ஒண்ணும் காணோமே தம்பி."

"பயமா இருக்கு சார்."

"அது நல்லதுதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்," என்றார் அப்பா. "அனுப்புங்க."

அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் காட்டும்வரை மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.